சேனலை மாற்றினால் படம் மாறாது

ஒரே ஃபார்முலா 1 பந்தயத்தை இரண்டு சேனல்களில் பார்த்தும், கார்கள் முந்திய அதே இடங்கள் தவறிப்போயின, எதற்குப் பணம் கட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். ஓடுகளப் படங்களை ஃபார்முலா 1 நிறுவனமே எடுத்து எல்லாச் சேனல்களுக்கும் தருகிறது. மொனாக்கோ பந்தயம் மட்டும் நெடுநாள் விதிவிலக்கு, அங்கே படமெடுத்தது உள்ளூர்க் குழு. 2021-இல் அங்கே, டயர் மாற்றும் இடமான பிட்டிலிருந்து வந்த ஓட்டுநர் வெட்டல் இன்னொரு ஓட்டுநரான காஸ்லியோடு உரசாத குறையாக மேடேறும்போது, அந்தக் குழுவினர் வேறொரு ஓட்டுநரான ஸ்ட்ரோலின் ரீப்ளேவுக்குத் தாவினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை! 2023 முதல் அதுவும் ஃபார்முலா 1 கையில்தான்.

அதனால் வர்ணனையையும் விளம்பரத்தையும் பார்த்து முடிவெடுங்கள். பிட் ஸ்டாப் நேரத்தில் விளம்பரம் போட்டால் யார் ஏன் முன்னால் இருக்கிறார் என்பதே புரியாது. பிடித்த ஓட்டுநரின் கார் கேமராவை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டுமா? உங்கள் நாட்டில் கிடைத்தால், ஃபார்முலா 1-இன் சொந்தக் கட்டணச் சேவையான எஃப்1 டிவி ப்ரோவை எடுங்கள்.