மலைமேல் மவுசு: வாசகர் கேள்வி, கணினிக்காரி பதில்

கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டு வங்கியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நம் வாசகி இந்த இதழில் பதில் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், குன்னூர்: என் லேப்டாப் 2016இல் வாங்கியது. நன்றாகத்தான் ஓடுகிறது. "விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள்" என்கிறார் கடைக்காரர். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம் ஐயா. விண்டோஸ் 10க்கு இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. நடந்தது இவ்வளவுதான். லேப்டாப் ஓடும். ஆனால் இனிமேல் அதில் ஏதாவது ஓட்டை தெரியவந்தால் அடைத்துக்கொடுக்க ஆள் வராது. வீட்டில் பயன்படுத்துபவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்பு வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்துக்குப் போய் முதலில் அதில் சேர்ந்துவிடுங்கள். மூச்சு விட நேரம் கிடைக்கும்.

விண்டோஸ் 11 உங்கள் லேப்டாப்பில் முறைப்படி ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2016இல் அந்தத் தலைமுறையே பிறக்கவில்லை. நன்றாக ஓடுகிற ஒரு பொருளை, செய்தவர்களின் காலண்டரில் தேதி கிழிந்துவிட்டது என்பதற்காகப் பழைய இரும்புக்குப் போடுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. அதிலும் இது வாங்குவதற்கு மோசமான நேரம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் ராம் விலை எகிறிக் கிடக்கிறது. க்ரூஷியல் என்ற பெயரில் நம் போன்றவர்களுக்கு ராமும், எஸ்எஸ்டி என்ற சுழலாத வேக டிஸ்க்கும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தை விட்டே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. டேட்டா சென்டர்காரர்கள் கேட்டால் கொடுக்கத்தான் சில்லு. நாம் கேட்டால் இல்லை.

நீட்டிப்பு முடிந்த பிறகு என்ன செய்வது? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள். எக்ஸ்எப்சிஇ என்ற பதிப்பு 4 ஜிபி ராமிலேயே முனகாமல் ஓடும், காசும் இல்லை. உடனே விண்டோஸை அழித்துவிடாதீர்கள். மின்ட்டைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா என்று சோதித்துவிட்டு அப்புறம் நிறுவிக்கொள்ளலாம். டிஸ்க் இன்னும் பழைய சுழலும் ரகமாக இருந்தால் எஸ்எஸ்டிக்கு மட்டும் செலவு செய்யுங்கள். ராம் விலையைப் பார்த்த பிறகு இந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.

தமிழ் தட்டச்சு பற்றிக் கவலை வேண்டாம், தமிழ் 99 விசைப்பலகை அதில் கிடைக்கும். நான் எச்சரிக்க நினைப்பது வேறு. தமிழாசிரியர் என்கிறீர்கள், பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். பாமினி எழுத்துருக் கோப்பையும் கூடவே எடுத்து வையுங்கள். முக்கியமானவற்றை ஒருங்குறிக்கு (யுனிகோடு) மாற்றிவிடுவது இன்னும் நல்லது. மாற்றும்போது இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்கள் தாறுமாறான தமிழாகிவிடும், அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும். பேரனுக்கு ஒரு விடுமுறை வேலை ஆயிற்று.

கல்லூரி மாணவர், தலைகுந்தா: காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் 30 சதவீதம் காட்டுகிறது. எடுத்துப் பேசினால் அணைந்துவிடுகிறது. காலேஜ் போய் ஆன் செய்தால் சார்ஜ் அப்படியே இருக்கிறது. போனை மாற்ற வேண்டுமா?

பேட்டரிக்குக் குளிருகிறது தம்பி. லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் குளிரில் கெட்டிப்படும், அயனிகள் மெதுவாகத்தான் நகரும். நீங்கள் பேச ஆரம்பித்ததும் போன் சட்டென்று அதிக மின்சாரம் கேட்கிறது. பேட்டரியால் அந்த வேகத்துக்குக் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரிகிறது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து போன் தன்னையே அணைத்துக்கொள்கிறது. சூடு ஏறியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பல போன்களின் கையேட்டிலேயே 0 முதல் 35 டிகிரி வரை பயன்படுத்துங்கள் என்றுதான் போட்டிருக்கும். ஜனவரியில் உங்கள் ஊர்ப் புல்வெளி உறைபனியில் வெள்ளை வெளேரென்று கிடக்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. போன் பழையதாக இருந்தால் இந்தத் தொல்லை சீக்கிரமே தலைகாட்டும். ஸ்வெட்டரின் உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூஜ்யத்துக்குக் கீழே போன பேட்டரியை அப்படியே சார்ஜில் போடக்கூடாது, இதை மட்டும் மறக்காதீர்கள். உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் திரும்பாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். அடுப்புத் தணல் பக்கத்தில் வைத்துச் சூடேற்றுகிற வேலையும் வேண்டாம்.

லேப்டாப் எடுத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிக்குளிரிலிருந்து ஹீட்டர் போட்ட அறைக்குள் நுழைந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும் இல்லையா, லேப்டாப்புக்குள்ளும் அதே ஈரம் படியும். வந்த உடனே திறக்காமல் பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் கிடக்கட்டும். நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பதால் பெரிய பலன் எதுவும் இல்லை. சார்ஜ் துளைக்குள் தவிடு போவதுதான் மிச்சம்.

இல்லத்தரசி, அரவங்காடு: போன தீபாவளி அன்று என் மகளின் விளையாட்டு ஆப், படிப்பு ஆப் எல்லாம் ஒன்றாகப் படுத்துவிட்டன. அமெரிக்காவில் ஏதோ கோளாறு என்றார்கள். அங்கே கெட்டால் இங்கே ஏன் நிற்க வேண்டும்?

அக்கா, 2025 அக்டோபர் 20, தீபாவளி மதியம் பன்னிரண்டு மணி தாண்டிய நேரம். எங்கள் வங்கி அன்று படுத்த அமேசான் கிளவுடில் இல்லை, அதனால் என் மதியச் சாப்பாடு தப்பியது. கம்பெனிகள் இப்போது சொந்தமாக சர்வர் வைத்துக்கொள்வது குறைவு. அமேசான் போன்ற பெரியவர்களிடம் வாடகைக்கு எடுக்கிறார்கள். அமேசானின் வர்ஜீனியா மையம் பழையது, பெரியது. உலகத்தில் பாதிப் பேர் ஏதோ ஒரு விதத்தில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு எந்த மெஷினும் எரிந்துபோகவில்லை. இணையத்தில் ஒரு பெயரைச் சொன்னால் அது எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்ல டிஎன்எஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு, தபால்காரர் கையில் இருக்கும் முகவரிப் பட்டியல் மாதிரி. அந்தப் பட்டியலைத் தானாகத் திருத்த அமேசான் வைத்திருந்த நிரல்களில் ஒன்று பின்தங்கிப்போய், பழைய விவரத்தைப் புதியதன்மேல் எழுதியது. இன்னொன்று பழையதைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை அழித்தது. கடைசியில் ஒரு முக்கியமான தரவுத்தளத்துக்கு முகவரியே இல்லாமல் காலி. தரவுத்தளம் நன்றாக இருந்தது, போகத்தான் வழி தெரியவில்லை. ஒரு மாதத்துக்குள் நவம்பர் 18ஆம் தேதி, பல இணையதளங்களுக்கு முன்னால் காவலாக நிற்கும் கிளவுட்ஃபிளேர் விழுந்ததும் இதே ரகம். ஒரு கோப்பு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு பெருத்துவிட்டது, அதைப் படிக்க வேண்டிய நிரல் மயங்கி விழுந்தது.

இந்தத் தொழிலில் இருந்துகொண்டு சொல்கிறேன், இவர்கள் திறமைசாலிகள்தான். ஒரே இடத்தில் இவ்வளவு பேரைச் சேர்த்து வைத்ததுதான் கோளாறு. நம் கையில் இருப்பது ஒன்றுதான்: ரேஷன் கார்டு, பட்டா, மார்க் ஷீட் இவற்றின் ஸ்கேன் கிளவுடில் மட்டும் இருக்கக்கூடாது. ஒரு பென் டிரைவில் போட்டுப் பீரோவில் வையுங்கள்.

தேயிலை பாக்டரி கணக்கர், கட்டபெட்டு: மேடம், ஏஐ உங்கள் வேலையைப் பிடுங்கிக்கொள்ளுமா? எங்கள் பாக்டரியிலும் அதே பேச்சு.

கொஞ்சம் எடுத்துக்கொண்டுவிட்டது, எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ராத்திரி ஷிப்டில் சர்வர் கக்கித் தள்ளும் லாக் என்ற நிகழ்வுக் குறிப்பைப் படித்து இன்ன நேரத்தில் இன்னது நடந்தது என்று சுருக்கித் தருகிறது. சின்னச் சின்ன நிரல் எழுதித் தருகிறது. ஆனால் சர்வரில் கமாண்டை நான்தான் அடிக்கிறேன். ஏனென்று கேளுங்கள். ஊருக்கு வரும் உறவினருக்காக வழி கேட்டபோது, கோத்தகிரி ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கச் சொன்னது! மேட்டுப்பாளையத்தில் ஏறும் மலை ரயில் குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போகிறது. கோத்தகிரிக்காரர்கள் ரயிலைப் பார்க்கவே குன்னூர் பஸ் பிடிக்க வேண்டும். அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக்கொண்டே போவதுதான் அதன் வேலை. ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ரயில் நிலையம் நன்றாகப் பொருந்துகிறது, வைத்துவிட்டது. வங்கி சர்வரில் அப்படி ஒன்றை வைத்தால் நான் எங்கே போவது?

தமிழில் கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்த ஏஐ மாடல்கள் எழுத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கும், துண்டுக்கு இவ்வளவு என்று காசு. தமிழை அநியாயமாக நறுக்கிக்கொண்டிருந்தார்கள். 2024 மே மாதம் சாட்ஜிபிடியைச் செய்யும் ஓப்பன்ஏஐ புதிய மாடலை வெளியிட்டபோது, முன்பு 116 துண்டாக உடைந்த ஒரு தமிழ்ப் பத்தி 35 துண்டாகக் குறைந்ததாகக் காட்டினார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளை நினைத்தால்தான் பயம். லாக் படிப்பது போன்ற அற்ப வேலைகளைச் செய்துதான் நாங்கள் தொழில் கற்றோம். அதை மெஷினிடம் கொடுத்துவிட்டால் அடுத்த ஆள் எங்கே உருவாவான்? இதற்கு யாரும் சரியான பதில் சொல்லி நான் கேட்கவில்லை. உங்கள் விஷயத்துக்கு வந்தால், பச்சைத் தேயிலை எடையையும் விவசாயிக்குத் தர வேண்டிய பாக்கியையும் ஏஐ கூட்டிச் சொன்னால் எக்செல்லில் இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள். தவறினால் படுகர் ஊரான ஹட்டியில் பதில் சொல்லப் போவது நீங்கள்தான்.

காட்டேஜ் நடத்துபவர், கேத்தி: இ-பாஸ் வந்த பிறகு வியாபாரம் படுத்துவிட்டது. இந்த கம்ப்யூட்டர் வேலையால் யாருக்கு என்ன லாபம்?

சார், உங்கள் கோபம் புரிகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7இல் இ-பாஸ் தொடங்கியது. மலைக்கு எத்தனை வண்டி வருகிறது என்ற கணக்கே ஒழுங்காக இல்லாததால்தான் முதலில் அதைக் கொண்டுவந்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று நீலகிரிக்கு வரம்பு வைத்தார்கள். மே மாத ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸைப் பார்த்தவள் நான், வரம்பு வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் மென்பொருள்காரியாக ஒரு குறை உண்டு. பாஸ் எடுத்தவர்கள் எத்தனை பேர், உண்மையில் சாவடியைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று நாள்வாரியாக எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். அப்போதுதான் வியாபாரம் குறைந்தது இ-பாஸாலா வேறு எதனாலா என்று நீங்களும் ஆட்சியரிடம் எண்ணை வைத்துப் பேசலாம்.

வாசகி, வெலிங்டன்: "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று என் அத்தையை வீடியோ காலில் உட்காரவைத்துவிட்டார்கள். அப்படி ஒரு சட்டம் உண்டா?

கிடையாது. எந்தப் போலீசும் வீடியோவில் கைது செய்ய முடியாது. "போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே" என்று சொன்ன அந்த நொடியே அது திருட்டு. வைத்துவிடச் சொல்லுங்கள், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

விவசாயி, மஞ்சூர்: எங்கள் பக்கம் சிக்னலே இல்லை. ஸ்டார்லிங்க் வந்தால் விடிவு வருமா?

செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் அந்தச் சேவைக்கு 2025இல் மத்திய அரசு உரிமம் கொடுத்தது. பழைய வகைச் செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். ஸ்டார்லிங்க்கினுடையவை சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பவை, பேச்சு இழுக்காது. ஆனால் சிக்னல் வாங்கும் தட்டுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். உங்கள் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் நிழலோடு தடங்கலும் கொடுக்கும், அடைமழையிலும் வேகம் குறையும். விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாலைந்து வீடு சேர்ந்து எடுக்க முடியுமா என்று விதிகளையும் பாருங்கள்.

பொறியியல் பட்டதாரி, ஊட்டி: நம் மலையில் ஐடி தொழில் வளருமா அக்கா?

தொழில்நுட்பம் நம் மலைக்குப் புதிதா என்ன? முத்தொரை பக்கம் போனால் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ டெலஸ்கோப் நிற்கிறது, 1970இலிருந்து. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப்பிடித்துக் கட்டினார்கள். அதனால் ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் நகரும் பொருளைப் பின்தொடரலாம். இந்தப் பக்கம் இந்து நகரில் பிலிம் தொழிற்சாலை, ஊருக்கே சோறு போட்டது, ஏற்கெனவே நஷ்டத்தில் தள்ளாடியது டிஜிட்டல் கேமரா வந்ததும் சாய்ந்தே போனது. இரண்டுக்கும் நடுவில்தான் நாம் இருக்கிறோம்.

கட்டடம் கட்டினால் ஐடி வராது தம்பி. ஒரு மரம் சாய்ந்து கேபிள் அறுந்தால் நான் டாங்கிளை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மாடிக்கு ஓடுகிறேன். குன்னூர் பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரிப் பாதை வழியாகவோ கூடலூர் வழியாகவோ தானாக மாறிக்கொள்ளும் ஃபைபர் இணைப்பு வேண்டும். அதைக் கேளுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

வாசகர், எல்லநள்ளி: குட் மார்னிங் படங்களால் போன் நிரம்பி வழிகிறது. வழி?

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா" போய் "மேனேஜ் ஸ்டோரேஜ்" தட்டுங்கள். யார் அனுப்பியது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வரிசையாகக் காட்டும், மொத்தமாக அழிக்கலாம். அதே பக்கத்தில் தானாக டவுன்லோட் ஆவதையும் நிறுத்திவிடுங்கள். படம் அனுப்புகிற மாமாவுக்கு இது தெரியவே தெரியாது.