பாப்பா போன்ல முகத்தைத் திருப்பிக்கிறா, மாலத்தீவு வேலையை விட்டுட்டு வந்துடலாமா?

வணக்கம் மேடம்,

எனக்கு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல ஒரு கடக்கரை ஊரு, பேரு வேண்டாம், சொன்னா எல்லாருக்கும் நான்தான்னு தெரிஞ்சிரும். பி.எஸ்சி மேத்ஸ், பி.எட். பக்கத்துல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல பத்து வருஷத்துக்கு மேல வேலை பார்த்தேன், கடைசியா வாங்கின சம்பளம் 13,000 ரூபா. வீட்டுக்காரர் கடல் தொழில். சொந்த போட்டு இருந்துச்சு, எல்லை தாண்டிருச்சுன்னு அங்கிட்டு மாட்டிக்கிச்சு, ஆளுங்க வந்துட்டாங்க போட்டு வரல, கடன் மட்டும் அப்படியே நிக்கிது. இப்ப அடுத்தவங்க போட்டுல கூலிக்குப் போறார். அந்த நேரத்துலதான் மாலத்தீவுல டீச்சர் வேலைன்னு ஒரு ஏஜெண்டு சொல்லி, நகையை அடகு வச்சு ஒன்றரை லட்சம் கட்டிட்டு வந்துட்டேன். வந்து இன்னும் ஒரு மாசம்கூட முழுசா ஆகல.

வரும்போது எல்லாரும் என்ன சொன்னாங்கன்னா நீ கடக்கரைப் பிள்ள, உனக்கென்ன, இங்கயும் கடலு அங்கயும் கடலுன்னாங்க. நம்ம ஊர்ல கடலுக்கு முதுகைக் காட்டி நின்னா ரோடு இருக்கும் மேடம், பஸ் வரும், ஏறினா ராமநாதபுரம் போயிரலாம். இங்க எங்கிட்டுத் திரும்பினாலும் தண்ணிதான். மாலேயில இறங்கி அங்கேருந்து ஸ்பீட் போட்டுல வந்த தீவு, சுத்தி நடந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்.

ஸ்கூல்ல திவேஹி (இங்க உள்ளவங்க பாஷை), இஸ்லாம் பாடம் தவிர மத்தது எல்லாம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் தெரியாம இல்ல, ஆனா ஊர்ல பிள்ளைங்களுக்குப் புரியலைன்னா டக்குனு தமிழுக்குத் தாவிருவேன், இங்க தாவ எடமே இல்ல. ஒரு பையன் நோட்டை நீட்டினான், வழக்கம்போல தொறந்தேன், அது கடைசிப் பக்கம், கிளாஸே சிரிச்சிருச்சு. திவேஹி நோட்டாம் அது, வலது பக்கத்துல இருந்து எழுதுவாங்களாம். சின்ன விஷயம்தான், ஆனா எனக்கு அன்னிக்குப் பூரா கை நடுக்கம் நிக்கல. ஊர்ல நான் வராண்டால நடந்து வந்தாலே கிளாஸ் கப்சிப்னு ஆயிரும் மேடம்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். என் பொண்ணுக்கு ஆறு வயசு, மாமியார்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். வீடியோ கால் போட்டா முகத்தைத் திருப்பிக்கிறா. "அம்மாட்ட பேசு"ன்னு மாமியார் போனைத் திருப்பினா வெளிய ஓடிருறா. பக்கத்து வீட்ல ஒரு அம்மா "பிள்ளைய விட்டுட்டுப் போயிட்டா, அது எப்படிப் பேசும்"னு சொன்னது போன்லயே என் காதுல விழுந்துச்சு. அதுல இருந்து தூக்கம் இல்ல. வெள்ளிக்கிழமை இங்க லீவு, அன்னிக்கு ஊர்ல எல்லாருக்கும் வேலை, பாப்பாக்கு ஸ்கூல், பேச ஆள் இல்லாம ரூம்லயே கெடக்கேன். ஞாயித்துக்கிழமை ஊர்ல எல்லாரும் வீட்ல இருப்பாங்க, நான் கிளாஸ்ல நிப்பேன். வீட்டுக்காரர் கேட்டா சூப்பரா இருக்கேன்னு சொல்லி பீச் போட்டோ அனுப்புறேன், வேற என்ன சொல்றது, அவரே நொந்து போயிருக்கார். குவார்ட்டர்ஸ்ல நாகர்கோவில் அக்கா ஒருத்தங்க ஆறு வருஷமா இருக்காங்க, அவங்ககிட்டயும் சொல்லல, என்னடா இது வந்ததும் அழுகுதுன்னு நெனைப்பாங்கன்னு.

அடுத்த வீட்டுக்காரம்மா ஒரு நாள் மாசிக் கருவாடும் தேங்காயும் வெங்காயமும் பெசஞ்சு ரொட்டியோட ஒரு தட்டுல குடுத்தாங்க. எங்க அம்மா செய்ற மாசிச் சம்பல் மாதிரியே இருந்துச்சு. ஒரு வாய்தான் தின்னேன், அழுக வந்துருச்சு, தட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு. எனக்கு டீச்சர் வேலையே மறந்துருச்சோன்னு பயமா இருக்கு. வந்துடலாமா மேடம்?

ஆலோசகர் பதில்:

வணக்கம்மா,

முதல்ல பாப்பா விஷயத்துக்கு வந்துடுறேன், மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடிதான் நிக்குது. அவ உங்களை மறக்கல. மறந்த பிள்ளைக்கு முகத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே கிடையாது, கையை ஆட்டிட்டு வெளையாடப் போயிரும். ஜான் பௌல்பி, ஜேம்ஸ் ராபர்ட்சன்னு ரெண்டு பேரு இங்கிலாந்துல, 1950கள்ல, அம்மா அப்பாவைப் பிரிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்த சின்னப் பிள்ளைங்களைக் கவனிச்சாங்க. முதல்ல அழுது ஆர்ப்பாட்டம் பண்ணும், அப்புறம் சோர்ந்து போகும், அதுக்கப்புறம் அம்மாவே வந்து நின்னாலும் கண்டுக்காத மாதிரி இருக்கும். பிள்ளை செட் ஆயிருச்சுன்னு வார்டுல இருந்தவங்க நெனச்சாங்க, உள்ளுக்குள்ள ஏக்கமும் கோவமும் அப்படியே இருக்குன்னு இவங்க சொன்னாங்க. அந்தப் பிள்ளைங்க உங்க பாப்பாவை விட ரொம்பச் சின்னது, தெரியாத எடத்துல வேற இருந்துச்சுங்க. உங்க பாப்பா சொந்த வீட்ல, பாட்டி அப்பாவோட இருக்கா, அதனால அந்த அளவுக்குப் பயப்படாதீங்க. ஆனா அந்த முகத்திருப்பல் ஏறக்குறைய அதே ஜாதிதான்: எங்கிட்ட கேக்காமப் போனல்ல, நான் ஏன் பேசணும்.

அதுக்கு வீடியோ கால் போட்டு "சாப்பிட்டியா, ஹோம்வொர்க் பண்ணியா, அம்மாவைப் பாரு"ன்னு கேட்டா ஆறு வயசுப் பிள்ளைக்கு அது விசாரணை மாதிரிதான் இருக்கும். கொஞ்ச நாளைக்கு அவளைப் பேசவே சொல்லாதீங்க. ராத்திரி படுக்கப் போற நேரத்துக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, ரெண்டு நிமிஷம் போதும், இன்னிக்கு நீங்க பார்த்த ஏதோ ஒண்ணு. நோட்டைத் தலைகீழாத் தொறந்து அம்மா முழிச்ச கதையைச் சொல்லுங்களேன், சிரிக்கட்டும். பதில் வேணும்னு கேக்காதீங்க. வீடியோ கால் சனிக்கிழமை வைங்க, உங்க ரெண்டு பேருக்கும் லீவா இருக்க வாய்ப்புள்ள நாள் அதுதான். பேச்சுக்குப் பதிலா ரெண்டு பேரும் ஆளுக்கொரு பேப்பர்ல ஒரே படத்தை வரையுங்க, போனை எதுலயாவது சாய்ச்சு வச்சுட்டு. முக்கியமா மாமியார்கிட்ட தனியா சொல்லிருங்க, ஓடினா பிடிச்சு இழுத்துட்டு வர வேண்டாம்னு. எப்ப வருவீங்கன்னு கேட்டா "சீக்கிரம்"னு மட்டும் சொல்லாதீங்க, பிள்ளைக்கு சீக்கிரம்னா நாளைக்கு. லீவு தேதி தெரிஞ்சதும் காலண்டர்ல வட்டம் போடச் சொல்லுங்க.

பக்கத்து வீட்டம்மா சொன்னதுக்கு வர்றேன். கீழக்கரைப் பக்கம் சபர் போறதுன்னு சொல்வாங்க, தலைமுறை தலைமுறையா ஆம்பளைங்க வெளிநாடு போய் சம்பாதிக்கிற ஊரு. அங்க ஒரு வாப்பா ரெண்டு வருஷம் பிள்ளை முகம் பாக்காம இருந்தா யாராவது "விட்டுட்டுப் போயிட்டார்"னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? குடும்பத்துக்காகக் கஷ்டப்படுறார்னுதான் சொல்வாங்க. உங்க வீட்டுக்காரரே எத்தனை ராத்திரி கடல்ல இருந்திருப்பார், அதையும் யாரும் குத்தம் சொன்னதில்ல. அம்மா கிளம்பினா மட்டும் சொல்றதுக்கு நம்மகிட்ட இன்னும் நல்ல வார்த்தை உண்டாகல, அந்தப் பழி ஊரோடது, அதை நீங்க தலைமாட்டுல வச்சுப் படுக்காதீங்க. எனக்கு இதுல கோவமே உண்டு, சரி அது இருக்கட்டும்.

வெளிநாடு போனா முதல்ல தேனிலவு மாதிரி எல்லாம் நல்லா இருக்கும், அப்புறம்தான் கஷ்டம்னு ஒரு கணக்கு சொல்வாங்க. காலெர்வோ ஓபெர்க்னு ஒரு மானுடவியல் ஆள் 1960ல எழுதினதுல இருந்து இது ஓடுது. ஆனா 1998ல வந்த ஒரு ஆய்வு, நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பான் பிள்ளைங்களைத் தொடர்ந்து பார்த்தது, அதுல ஆரம்பத்துலதான் மனச்சோர்வு அதிகம். அதனால வந்த உடனே அழுகை வருதேன்னு நீங்க பயந்துக்க வேண்டாம், நிறைய பேருக்கு அடியே அங்கதான்.

டீச்சர் வேலை மறக்கல. தூக்கம் இல்லாம, மனசுல பாரத்தை வச்சுக்கிட்டு, தமிழும் இல்லாம கிளாஸ்ல நின்னா யாருக்கும் கை நடுங்கும். ஒவ்வொரு பீரியடுக்கும் முதல் அஞ்சு நிமிஷம் பேசப் போறதை மட்டும் முந்தின நாளே எழுதி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, மிச்சத்துக்கு போர்டு இருக்கு, உங்க பாடம் கணக்குதானே. ஊர்ல உங்களுக்கு முன்னாடியே உங்க பேரு வராண்டால நடந்து போகும், இங்க அந்தப் பேரு இல்ல, அதுதான் வலிக்குது. அது ஒரு டெர்ம்ல தானா வரும்.

வீட்டுக்காரர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. பீச் போட்டோவை மட்டும் பார்த்துட்டு அந்த மனுஷன் நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு நம்பி, தன் கஷ்டத்தை உங்ககிட்ட மறைச்சிட்டு இருப்பார். நாகர்கோவில் அக்காகிட்ட "உங்களுக்கு முதல் மாசம் எப்படி இருந்துச்சு"ன்னு மட்டும் கேளுங்க, அறிவுரை கேக்காதீங்க, அந்தக் கதை மட்டும் போதும். அந்தத் தட்டு இருக்குல்ல, அதை வெறும் தட்டாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. வெள்ளிக்கிழமை ஏதாவது பண்ணி எடுத்துட்டுப் போங்க, பருப்பு வடையோ பணியாரமோ, வெள்ளிக்கிழமைக்கு ஒரு வேலையும் ஆச்சு.

இது உளவியல் இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல: அரசு விதிப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜெண்டு சர்வீஸ் சார்ஜா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். நீங்க கட்டின ஒன்றரை லட்சம் எதுக்கு எதுக்குன்னு ரசீது இருக்கான்னு வீட்டுக்காரரைப் பாக்கச் சொல்லுங்க. வெளியுறவுத் துறையோட மதத் (MADAD) போர்ட்டல்ல புகார் பதியலாம், மாலேல நம்ம ஹை கமிஷனும் இருக்கு.

திரும்பி வர்றதா வேண்டாமான்னு தினமும் ராத்திரி யோசிக்காதீங்க, டெர்ம் முடிவுல ஒரு தேதி குறிச்சு அன்னிக்கு ரெண்டு பேருமா உக்காந்து முடிவு பண்ணுங்க. அதுக்கு முன்னாடி கான்ட்ராக்ட்ல நோட்டீஸ் எத்தனை நாள், நடுவுல விட்டா டிக்கெட் காசு யாரோடதுன்னு படிச்சு வைங்க. வந்தா தோத்துட்டதா அர்த்தம் இல்ல, கடன் கணக்கு மட்டும் மாறும். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல நாள் பூரா மனசு இருண்டே இருந்து, சாப்பாடு தூக்கம் எதுவும் சரியாகாம, இருந்து என்ன பிரயோஜனம்ங்கற நினைப்பு வந்தா அந்தத் தேதிக்குக் காத்திருக்காதீங்க, தீவு ஹெல்த் சென்டருக்கு அன்னிக்கே போங்க, அக்காவைத் துணைக்குக் கூட்டிட்டு. ஊர்ல மாமியாருக்கோ வீட்டுக்காரருக்கோ பேசணும்னா அரசோட மனநல உதவி நம்பர் டெலி மானஸ் 14416, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

வாய்ஸ் நோட்டுக்கு பாப்பா என்ன பண்ணான்னு எனக்கு எழுதுங்க. பதில் அனுப்பலைன்னாலும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்குறாளான்னு மாமியார்கிட்ட விசாரிச்சு எழுதுங்க.