இன்னும் ஒரு வருஷம் தான் இருக்கு

அண்ணா வணக்கம்,

காலேஜ்ல மூணு வருஷம் முடிச்சாச்சு, இன்னும் ஒரு வருஷம் பாக்கி. லீவ்ல இன்டர்ன்ஷிப் போன கம்பெனிலயே முழுநேர வேலைக்கு இப்பவே வரியான்னு கேக்குறாங்க. கிளாஸ்ல நடத்துனது எதுவும் அங்க உதவல. பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ்லாம் பாதில விட்டவங்க தானே? வீட்ல டிகிரி டிகிரின்னு தினம் சண்டை. நீங்க வேலைக்கு ஆள் எடுத்தவர், நீங்களே சொல்லுங்க, டிகிரிக்கு நெஜமா மதிப்பு இருக்கா?

அன்புள்ள தம்பி,

முடிச்சிடு. இத நான் யோசிக்காம சொல்லல.

கிளாஸ்ல நடத்துறது வேலைக்கு உதவலன்னு சொல்றியே, அத நான் மறுக்கவே மாட்டேன். கேரி பெக்கர் மாதிரி பொருளாதார ஆளுங்க படிப்பு திறமைய கூட்டுது, அதுக்கு தான் சம்பளமும் கூடுதுன்னாங்க. 1973ல மைக்கேல் ஸ்பென்ஸ் வேற கோணத்துல பாத்தார், ஆள் எடுக்குறவனுக்கு எதிர்ல உக்காந்திருக்கவன் எப்படி வேலை பாப்பான்னு தெரியாது, அதனால டிகிரிய ஒரு அடையாளமா வச்சுக்குறான், படிப்பு திறமைய துளி கூட கூட்டலன்னாலும் அந்த அடையாளத்துக்கு விலை இருக்கும்னார். 2001ல அவருக்கு நோபல்ல பங்கு கிடைச்சுது. உன் கேள்விக்கு இதுல முக்கியமானது ஒண்ணு இருக்கு. நாலுல மூணு வருஷம் படிச்சா முக்கால்வாசி பலன் வரணும்ல? வராது. முடிக்கிற அந்த கடைசி வருஷத்துக்கு தான் சம்பளத்துல பெரிய தாவல், ஷீப்ஸ்கின் எஃபெக்ட்னு சொல்வாங்க, அந்த காலத்துல பட்டத்த ஆட்டுத்தோல்ல எழுதி குடுத்ததால வந்த பேர்.

நான் இத கண்ணால பாத்திருக்கேன். ரெஸ்யூமே தேடுற ஸ்க்ரீன்ல கல்வித்தகுதின்னு ஒரு கட்டம், அதுல ஒரு டிக் போட்டா லிஸ்ட் அப்படியே சுருங்கிடும், காணாம போனவங்க பேரு கூட நம்ம கண்ணுல படாது. எங்க டீம்ல ஒருத்தர் டிகிரி முடிக்காதவர், ராத்திரி சர்வர் விழுந்தா முதல் போன் அவருக்கு தான் போகும், அவ்ளோ கெட்டிக்காரர். டீம் லீட் போஸ்டுக்கு அப்ளை பண்ணாரு, அதே டிக் அவர வெளிய தள்ளிடுச்சு. மேல போய் சண்டை போட்டேன், ரூல்னு முடிச்சிட்டாங்க. அவர் எதுவும் பேசல, மானிட்டர பாத்துட்டே உக்காந்திருந்தார், அந்த முகம் எனக்கு இன்னைக்கும் மறக்கல. அந்த ரூல் தப்பு தான். ஐபிஎம் மாதிரி சில கம்பெனிங்க நிறைய வேலைக்கு டிகிரி கட்டாயமில்லன்னு மாத்திட்டாங்க, சந்தோஷம், ஆனா எல்லாரும் மாறுற வரைக்கும் உன் வயசு காத்திருக்காதேப்பா.

கேட்ஸ் 1975ல ஹார்வர்ட விட்டப்போ கையில மைக்ரோசாஃப்ட் இருந்துச்சு, யார்கிட்டயும் ரெஸ்யூமே நீட்ட வேண்டிய தேவையே வரல. நீ போறது இன்னொருத்தர் கம்பெனிக்கு. ஜாப்ஸ் ரீட் காலேஜ்ல ஆறு மாசத்துல நின்னுட்டார், ஆனா அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் பிடிச்ச கிளாஸ்ல போய் உக்காந்தார், அங்க பாத்த எழுத்துக்கலை தான் பின்னாடி மேக் கம்ப்யூட்டர் ஃபான்ட்டா வந்துச்சுன்னு அவரே சொல்லிருக்கார்.

ரெண்டு மூணு வேலை மாறுன பிறகு பெரும்பாலும் நீ என்ன செஞ்சேன்னு தான் கேப்பாங்க. முதல் கதவுக்கும், நடுவுல பதவி ஏறுற கதவுக்கும் தான் அந்த பேப்பர். அதனால வேலைய விட்டுடுன்னு நான் சொல்லல, அந்த கம்பெனிலயே கேளு, ஒரு வருஷம் பார்ட் டைமா பாக்கலாமா இல்ல முடிச்சிட்டு வந்து சேரலாமான்னு, சரின்னா மெயில்ல எழுத்துல வாங்கிக்கோ. வீட்ல பணக்கஷ்டம் ஏதாவது இருந்து இத என்கிட்ட சொல்லாம விட்டிருந்தா கணக்கே வேற, அதையும் மறைக்காம எழுது, உக்காந்து பேசுவோம்.

அன்புடன்,
அண்ணா