மதில் ஓட்டையை அடைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

பக்கத்து வீட்டுக்காரர் சென்ற ஆண்டு முற்றம் முழுக்கச் சிமென்ட் தளம் போட்டார். மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயையும் எங்கள் மதிலைப் பார்த்துத் திருப்பிவிட்டார். நல்ல மழை பெய்தால் மதிலின் அடியிலுள்ள ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் வந்து எங்கள் தோட்டத்தில் இரண்டு மூன்று நாள் நிற்கிறது. பப்பாளி இரண்டு விழுந்துவிட்டன. எலுமிச்சை மஞ்சளடிக்கிறது. மழையே இல்லாத நாளிலும் ஒரு மூலை சொதசொதவென்று இருக்கிறது. கேட்டால், "தண்ணி பள்ளத்துக்குத்தானே வரும், நான் என்ன பண்ண?" என்கிறார். அவர் மாடி 12 மீட்டருக்கு 8 மீட்டர் இருக்கும். ஓட்டைகளைச் சிமென்ட் பூசி அடைத்துவிடலாம் என்றிருக்கிறேன். செடிகளுக்கு நஷ்டஈடு கேட்க முடியுமா?

கே.

அன்புள்ள கே.,

அடைக்காதீர்கள். அந்த ஓட்டைகள்தான் உங்கள் மதிலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. அடைத்தால் தண்ணீர் அவர் பக்கம் தேங்கிச் சுவரைத் தள்ளும். அரை மீட்டர் உயரம் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 125 கிலோ எடைக்குச் சமமான தள்ளல். ஒரு மீட்டர் நின்றால் அது நான்கு மடங்காகி 500 கிலோ ஆகிவிடும். சாதாரணச் செங்கல் மதிலை யாரும் அதற்காகக் கட்டுவதில்லை. அது சரிந்தால், இன்று குறை சொல்லும் இடத்தில் இருக்கும் நீங்கள் நாளை பதில் சொல்லும் இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி ஒன்று இருக்கிறது: மழை இல்லாத நாளிலும் ஈரம். அது மாடித் தண்ணீராக இருக்க வாய்ப்பு குறைவு. உங்களுக்கு வருவது இரண்டு வேறு தண்ணீர் என்று நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்து அவர் தலையில் போட்டு, ஒன்று உங்கள் குழாயிலிருந்தே கசிவதாகத் தெரிந்தால், மற்றதையும் அவர் காதில் வாங்க மாட்டார்.

எனவே முதல் சோதனை உங்கள் வீட்டில். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் எண்ணைக் குறித்துவையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் கசிவு உங்களுடையது. ஆனால் மேல்நிலைத் தொட்டி இருந்தால் மீட்டர் தொட்டிவரைதான் சொல்லும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களுக்கு, நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு, தொட்டிக்கு வரும் வால்வையும் மூடிவிட்டு, காலையில் பாருங்கள். இரண்டும் அசையவில்லையென்றால் ஈர மூலையில் ஒரு முழம் தோண்டி, ஊறும் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக் குலுக்குங்கள். நுரை எழுந்து அடங்காமல் நின்றால் துணி துவைத்த தண்ணீராக இருக்கலாம். நாற்றமடித்தால் கழிவுக் குழாயைச் சந்தேகியுங்கள். அவர் சம்மதத்தோடு அவர் வீட்டு வடிகாலில் உணவுச் சாயம் கரைத்து ஊற்றிப் பார்க்கலாம். நிறம் வந்தால் உறுதி. வராவிட்டால் எதுவும் உறுதியில்லை, களிமண் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இனி மழைத் தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். அவர் மாடி 96 சதுர மீட்டர். 40 மில்லிமீட்டர் பெய்தால் 3,840 லிட்டர், அத்தனையும் ஒரே குழாய் வாயில். "பள்ளத்துக்குத்தான் வரும்" என்பது பாதி உண்மை. இயல்பாகப் பரவி இறங்கும் நீரைக் கீழ்நிலத்துக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. மனிதர் கட்டிய வேலையால் அந்த ஓட்டம் மாறியதா என்பதே கேள்வி. பழைய ரோமானியச் சட்டத்திலேயே மழைநீருக்கென்று தனி வழக்குமுறை இருந்தது. அங்கேயும் இதைத்தான் கேட்டார்கள். குழாயைத் திருப்பியதும் முற்றம் முழுக்கத் தளம் போட்டதும் இயற்கை செய்ததல்ல.

இதை அவரிடம் வாதமாகச் சொல்ல வேண்டாம். மழை பெய்யும்போதே கூப்பிட்டுக் காட்டுங்கள். வெயில் நாளில் சொன்னால் நம்ப மாட்டார். அதற்கு முன் இரண்டு மூன்று மழைக்கு, ஒரே இடத்தில் நின்று, ஒரு அளவுகோலைத் தண்ணீரில் ஊன்றி, தேதியோடு படம் எடுத்துவைத்திருங்கள். கேட்பதும் ஒன்றாக இருக்கட்டும்: குழாய் வாயைத் திருப்புவது. ஒரு எல்போ (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பு), சில மீட்டர் பிவிசி குழாய், அரை நாள் வேலை. குழாய்க்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். பொது மழைநீர் வடிகால் இருந்தால் அனுமதி பெற்று அதில் விடலாம். கழிவுநீர்க் குழாயில் சேர்க்கவே கூடாது, பெருமழையில் அது நிரம்பி வீட்டுக்குள் எதிர்த்துக்கொண்டு வரும்.

"உறிஞ்சுகுழி வெட்டிவிடுகிறேன்" என்று அவர் சொல்லக்கூடும். உடனே தலையாட்டாதீர்கள். ஒரு கன மீட்டர் குழியில் கல் நிரப்பினால் தண்ணீருக்கு மிஞ்சும் இடம் சுமார் 400 லிட்டர். அவர் மாடிக்கு அது முதல் 4 மில்லிமீட்டர் மழையிலேயே நிரம்பிவிடும். மண் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம். ஓர் அடி ஆழம் தோண்டித் தண்ணீர் ஊற்றி, முழுதும் வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளவெடுக்கச் சொல்லுங்கள். மணிக்கு 2.5 சென்டிமீட்டர் இறங்கினால் குழி பயன்படும். ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காவிட்டால் வீண் செலவு. எப்படியானாலும் நிரம்பி வழியும் நீருக்கு ஒரு வழி வேண்டும், அது உங்கள் பக்கமாக இருக்கக் கூடாது. குழி வீட்டு அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியிருக்கட்டும்.

பேசி முடிந்ததும் என்ன வேலை, யார் செலவு, எந்தத் தேதிக்குள் என்று நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். செய்ய மறுத்தால், படங்களை இணைத்து ஒரு கடிதம் தபாலில் அனுப்பி, அனுப்பிய ரசீதை வைத்துக்கொண்டு, உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

நஷ்டஈடு கேட்கலாம்தான். ஆனால் குழாய் திரும்பும்வரை அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். இரண்டு பப்பாளியின் விலையைப் பேசப் போய் 3,840 லிட்டரைக் கோட்டைவிட்டுவிடுவீர்கள். பப்பாளி வேர் இரண்டு நாள் தேக்கத்தைக்கூடத் தாங்காது. நீர்ப்போக்கு சரியாகி ஒரு மழையைப் பார்த்த பிறகு, மண்ணை மேடாக்கி அதில் புதுப் பப்பாளி நடுங்கள். எலுமிச்சை மஞ்சளடிப்பது பெரும்பாலும் உரம் போதாமல் அல்ல, வேருக்குக் காற்று கிடைக்காமல். இப்போது உரம் வைத்தால் இன்னும் கெடும். தண்டை ஒட்டிய மண்ணை விலக்கிவிட்டு, மேல் மண் காயும்வரை தண்ணீர் விடாதீர்கள். புதுத் தளிர் வந்த பிறகு உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.