அறிவியல் வேலைகளில் பாலின இடைவெளி என்றால் என்ன? அது ஏன் நீடிக்கிறது?

ஒரே படிப்பும் திறமையும் இருந்தும் வேலையிலும் பதவியிலும் அங்கீகாரத்திலும் பெண்கள் பின்னுக்குத் தள்ளப்படுவதே பாலின இடைவெளி. இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் பெறுவோரில் 40 சதவீதத்துக்கு மேல் பெண்கள். ஆய்வுப் பணியிலோ பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

1933-ல் உயிர்வேதியியலாளர் கமலா சோஹோனி பெண் என்பதாலேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இடம் மறுக்கப்பட்டு, போராடித்தான் சேர்ந்தார். இன்று சேர்க்கையில் அந்தத் தடை இல்லை. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. முனைவர் பட்டம், தற்காலிக ஆய்வுப் பணி, நிரந்தர வேலைக்கான போட்டி எல்லாம் பெரும்பாலும் 25 முதல் 35 வயதுக்குள் நெருக்குகின்றன. திருமணமும் குழந்தைப்பேறும் அதே ஆண்டுகளில்தான். வீட்டுப் பொறுப்போ பெரும்பாலும் பெண் தலையில்தான் விழுகிறது, இது அநியாயம். தலைமடையில் நிறையத் தண்ணீர் திறந்தும், வழியெங்கும் கரை உடைந்திருந்தால் கடைமடை வயல் காயும் அல்லவா, அப்படித்தான் இதுவும்.

‘பெண்களுக்கு இத்துறையில் ஆர்வமில்லை’ என்பது தவறான எண்ணம். ஆர்வமில்லாதவர்கள் இத்தனை பேர் இந்தப் பட்டங்களைப் பெற்றிருக்க மாட்டார்கள்.