அம்மாவின் பாத்திரத்தை எடைக்குப் போட்டுவிட்டு யார் வீட்டுத் தவலையை வாங்குகிறீர்கள்?

கேள்வி: நானும் கணவரும் சிங்கப்பூரில், பொங்கோலில் வசிக்கிறோம். சுற்றுச்சூழலை நினைத்து, இயன்றவரை புதுப்பொருள் வாங்குவதில்லை. வீட்டுக்கு வேண்டியதைப் பழம்பொருள் கடைகளில்தான் தேடுகிறேன். காரைக்குடியில் ஒரு பர்மா தேக்கு அலமாரி பார்த்திருக்கிறேன். ஆறரை அடி உயரம், நான்கு கதவுகள், மேலே கொடிச் சித்திர வேலை, பித்தளைக் குமிழ்கள். 120 ஆண்டு பழையது என்கிறார் கடைக்காரர். விலாசம், அதாவது குடும்பப் பெயரெழுத்துகள், வெட்டிய பித்தளைத் தவலை ஒன்றும் உண்டு; அந்த எழுத்துகள்தாம் அதற்கு அழகே. கப்பலில் அவ்வளவு தூரம் கொண்டுவந்தால் புகைதான் மிச்சம், இங்கேயே புதிதாக வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? கடைக்காரர் முன்பணம் கேட்கிறார். அடுத்த மாதம் என் அம்மா ஈசூன் நான்கறை வீட்டை விட்டு ஈரறை ஃபிளெக்ஸி என்னும் சிறிய வீட்டுக்கு மாறுகிறார். அவருடைய பழைய பாத்திரங்களை எடுத்துப்போக, வீடு வீடாகப் பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வேலை தொடங்கிவிட்டால் எனக்கு நேரம் இருக்காது, சீக்கிரம் பதில் எழுதுங்கள்.
- ஒரு வாசகி, பொங்கோல்

பதில்: கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கப்பலைப் பற்றி உங்கள் கணவர் கவலைப்பட வேண்டியதில்லை. மற்றச் சரக்கோடு சரக்காகக் கடல்வழி வரும் அலமாரிக்கு ஆகும் புகை, அதே அலமாரி விமானத்தில் வந்தால் ஆகும் புகையில் மிகச் சிறிய பங்குதான். மரத்தூளை அழுத்திச் செய்த புது அலமாரி இரண்டு வீடு மாறுவதற்குள் மூட்டு கழன்றுவிடும். பிறகு அதை எரிப்பார்கள், சாம்பல் செமாக்காவ் தீவுக்குப் போகும். குப்பை கொட்ட நமக்கு எஞ்சியிருக்கும் ஒரே இடம் அது. 1999இல் திறந்தார்கள், 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. ஆகவே பழைய தேக்குதான் மேல்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. கடைக்காரர் சொல்லும் 120 ஆண்டு மெய்யானால், அந்த அலமாரியைச் சட்டப்படி நீங்கள் இந்தியாவை விட்டு வெளியே கொண்டுவர முடியாது. நூறாண்டு கடந்த கலை வேலைப்பாடுள்ள பொருள்களையும், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்தவற்றையும் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. பொய்யானால், இல்லாத வயதுக்குப் பணம் கொடுக்கப் போகிறீர்கள். இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கித் தர முடியுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். 120 ஆண்டு அந்த நிமிடமே 80 ஆண்டாகிவிடும்.

அந்தச் சாமான்கள் கடைக்கு எப்படி வந்தன என்பதையும் யோசியுங்கள். செட்டிநாட்டு வீடுகள் பர்மாவிலும் மலாயாவிலும் சம்பாதித்த பணத்தில் எழுந்தவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வருமானம் முறிந்தது. ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். ஓடு மாற்ற யாரும் பணம் போடுவதில்லை. கடைசியில் தூண் தனி, நிலை தனி, கதவு தனி என்று பிரித்து விற்றுவிடுகிறார்கள். அவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வந்து நிற்கின்றன. நிற்கும் வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்கு விலை அதிகம் கிடைக்கும்வரை வீடுகள் இடிபட்டுக்கொண்டுதான் இருக்கும். வாங்குகிறவருக்கும் அதில் பங்குண்டு.

இனி அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அலமாரியின் உயரம், கதவுகள், சித்திரம், குமிழ் எல்லாம் எழுதிவிட்டீர்கள். அம்மாவின் பாத்திரங்களைப் பற்றி ‘பழைய’ என்பதற்குமேல் ஒரு விவரம்கூட இல்லை. பித்தளையா, வெண்கலமா, எத்தனை உருப்படி, யார் கொடுத்தது? அவற்றைக் கொடுத்துவிட அம்மா சம்மதித்தாரா என்றும் எழுதவில்லை. நீங்கள் அவரைக் கேட்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

யாரோ ஒரு குடும்பத்தின் விலாசம் வெட்டிய தவலை உங்களுக்கு அழகாக இருக்கிறது. உங்கள் அம்மாவின் தவலையை எப்போதாவது திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தத் தலைமுறையின் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டாதது அபூர்வம். பாத்திரக் கடையிலேயே ஒருவர் சிறு உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து புள்ளி புள்ளியாக அடித்துக் கொடுப்பார். விளிம்புக்குக் கீழே கட்டை விரலை ஓட்டினால் அந்தப் புள்ளிகள் இடறும். தலைப்பெழுத்து, பெயர், சில பாத்திரங்களில் கொடுத்தவர் பெயரும் கல்யாணத் தேதியும். நாற்பது வருடம் புளி போட்டுத் தேய்த்ததில் ஓரிரண்டு எழுத்து மழுங்கியிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பெயர் உங்கள் தாத்தாவுடையதாகவோ தாய்மாமாவுடையதாகவோ இருக்கலாம். காரைக்குடித் தவலையில் இருப்பது உங்களுக்கு முகம் தெரியாதவர் பெயர். அதற்கு முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறீர்கள், இதற்குக் கராங்குனிக்காரரை அழைக்கிறீர்கள்!

அதை மறுசுழற்சி என்று சொல்லித் தேற்றிக்கொள்ள வேண்டாம். அவர் எடை போட்டு எடுத்துப்போவார், அது உலைக்குப் போகும். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். முழுதாக, ஓட்டை இல்லாமல், இன்னும் மூன்று தலைமுறைக்குப் புழங்கக்கூடிய பாத்திரத்தை அந்தத் தீயில் போட்டுவிட்டு, அதே மாதிரி ஒன்றைக் கடல்கடந்து வரவழைப்பது எந்த ஊர்ப் பசுமை வாழ்க்கை? சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. அது இருந்திருந்தாலாவது யாராவது பாத்திரமாகவே வாங்கிப் போயிருப்பார்கள்.

இடமில்லை என்பீர்கள். ஈரறை ஃபிளெக்ஸியில் சிறியது 36 சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும், எல்லாம் கொள்ளாது, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் ஆறரை அடி அலமாரிக்கு இடமிருக்கிறதே? வயதான தாயை வீடு மாற்றும் பிள்ளை, அவர் கட்டிக்காத்த சாமானுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அவர் சம்மதமில்லாமல் எதையும் வெளியே தள்ளும் உரிமை நமக்குக் கிடையாது. வண்டி பிடித்து, பெட்டி கட்டிக் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்று நினைக்கும் பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன, எனக்குப் பொறுமை போய்விட்டது.

கடைக்காரருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். கராங்குனிக்காரருக்கு இன்றே போன் செய்து வர வேண்டாமென்று சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு ஈசூனுக்குப் போங்கள். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து அம்மா கையில் கொடுத்து, யார் கொடுத்தது, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். வெண்கலப் பானை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், தை மாதம் உங்கள் வீட்டில் பொங்கட்டும். பித்தளையில் உள்ளே ஈயப்பூச்சு போயிருந்தால் புளி, தயிர் சேர்ந்த எதையும் சமைக்காதீர்கள். அரிசியோ பருப்போ கொட்டி வையுங்கள். உறவில் யாருக்காவது கொடுக்க வேண்டுமென்று அம்மா சொன்னால் நீங்களே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். எதையாவது கொடுக்க மனமில்லை என்றால் அது அவரோடு புதுவீட்டுக்குப் போக வேண்டும். அதை வைக்க அங்கே அலமாரி தேவைப்பட்டால், காரைக்குடிக்கென்று ஒதுக்கிய பணத்தில் அவருக்குச் செய்து கொடுங்கள்.