நாணயம் விற்கக் கட்டணக் கடை கட்டுப்படியாகுமா? கேள்வி பதில்

ஈபே போன்ற ஆன்லைன் விற்பனைத் தளங்களில் மாதச் சந்தா கட்டி நாணயக் கடை திறக்கலாமா என்று கேட்டு வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன என்பதால் எந்தத் தளத்தின் கட்டணத்தையும் எண்ணாகச் சொல்லவில்லை. கணக்கில் வருபவை சும்மா வைத்துக்கொண்ட எண்கள். எந்த நாட்டுப் பணமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, அப்பா சேர்த்து வைத்த நாணயங்கள் அறுபது போல இருக்கின்றன. விற்றுவிடலாம் என்று முடிவு. கடை திறந்தால் வாங்குபவர்களுக்கு நம்பிக்கை கூடும் என்கிறார்கள். திறக்கலாமா?

பதில்: வேண்டாம். கடை என்பது தொடர்ந்து சரக்கு வாங்கித் தொடர்ந்து விற்பவருக்கு. உங்களுடையது ஒருமுறை கைமாறினால் முடிந்துபோகும் தொகுப்பு. பெரிய தளங்களில் மாதாமாதம் கொஞ்சம் லிஸ்டிங், அதாவது விற்பனைக்குப் போடும் பதிவு, இலவசமாகவே கிடைக்கும். ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போட்டால் அதற்குள் அடங்கிவிடும்.

முதலில் நல்ல காசுகளைத் தனியாகப் பிரியுங்கள். விலை போகக்கூடியது இரண்டு மூன்று தேறினால் அவை நாணய ஏல நிறுவனத்துக்குப் போகட்டும். ஏலத்தில் இரண்டு பேர் மோதிக்கொண்டால் நீங்கள் நினைத்துப் பார்க்காத விலை வரும். கடையிலோ நீங்கள் ஒட்டிய விலைக்கு மேல் ஒரு பைசா வராது. நம்பிக்கை கடைப் பலகையால் வருவதில்லை. முன்பு வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், படம் தெளிவாக இருக்கிறதா, பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பீர்களா, இவற்றைத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம், எதையும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். துலக்கிய காசு என்று தெரிந்தால் சேகரிப்பாளர் சட்டென்று விலையைக் குறைத்துவிடுவார்.

கேள்வி: மாதம் சுமார் 250 லிஸ்டிங் ஓடுகிறது. கடை எடுத்தால் மிச்சமா நஷ்டமா என்று எப்படிக் கணக்குப் போடுவது சார்?

பதில்: கடைச் சந்தாவுக்குப் பதிலாக உங்களுக்குக் கிடைப்பவை முக்கியமாக இரண்டு: கூடுதல் இலவச லிஸ்டிங், கொஞ்சம் குறைந்த கமிஷன். இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

கடை இல்லாமல் 100 லிஸ்டிங் இலவசம், மீதி ஒவ்வொன்றுக்கும் 0.30 என்று வையுங்கள். உங்கள் 150 லிஸ்டிங்குக்கு 45 ஆகிறது. கடைச் சந்தா 30, அதில் 250-ம் அடங்கிவிடுகிறது என்றால் இங்கேயே 15 மிச்சம். கமிஷன் 100-க்கு 3 குறைகிறது, மாதம் 1,000-க்கு விற்கிறீர்கள் என்றால் இன்னொரு 30. ஆக 45 மிச்சம், தாராளமாகத் திறக்கலாம். ஆனால் இலவச வரம்புக்குள்ளேயே லிஸ்டிங் போடுபவருக்கு அந்தக் கமிஷன் வித்தியாசம் மட்டும்தான். அவர் 1,000-க்கு விற்ற பிறகுதான் சந்தாவே கழிகிறது. அதற்குக் கீழே விற்றால் கையைக் கடிக்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. கடைச் சந்தாவில் படிநிலைகள் உண்டு, மலிவான படிநிலையில் கமிஷன் குறையாமலே இருக்கலாம். ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் ஸ்டார்ட்டர், பேசிக், பிரீமியம், ஆங்கர், என்டர்பிரைஸ் என்று ஐந்து படி. ஸ்டார்ட்டரில் கமிஷன் சலுகை கிடையாது, பேசிக்கில்தான் அது தொடங்குகிறது. ‘கடை எடுத்தேன், ஒன்றும் குறையவில்லையே’ என்று புலம்புபவர்களில் பாதிப் பேர் இந்த முதல் படியில் நிற்பவர்கள்.

இன்னொன்று, நகராத சரக்கு. நிலையான விலை லிஸ்டிங்குகள் பல தளங்களில் மாதாமாதம் தானே புதுப்பித்துக்கொள்ளும். 5 லாபம் வைத்து ஒரு காசைப் போடுகிறீர்கள், அது இலவச வரம்புக்கு வெளியே 20 மாதம் கிடக்கிறது. 20 முறை 0.30 போனால் 6. விற்றுப்போன அன்று சந்தோஷப்படுவீர்கள், கணக்கில் 1 நஷ்டம். நாணயம் இயல்பிலேயே மெதுவாக நகரும் சரக்கு. அதனால்தான் சேகரிப்பு நாணயம் நிறைய வைத்திருப்பவருக்குக் கமிஷன் சலுகையைவிட இலவச லிஸ்டிங் வரம்புதான் பெரிய விஷயம் என்பேன்.

கேள்வி: என்னிடம் பல நாட்டுச் சாதாரணக் காசுகள் இரண்டாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றாகப் போட்டால் பெரிய கடை மாதிரித் தெரியுமே?

பதில்: தெரியும். ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். மலிவான காசுக்கும் இரண்டு பக்கப் படம், எடை, தலைப்பு, உறை, முகவரி என்று விலை உயர்ந்த காசுக்கு ஆகும் அதே வேலைதான். நாடு வாரியாக, கப்பல், பறவை என்று பொருள் வாரியாக, அல்லது ஒரே காசின் ஆண்டு வரிசையாகத் தொகுத்து விற்றால் ஒரு பார்சலில் முப்பது காசு போகும். அதற்குக் கட்டணக் கடை தேவைப்படாது.

கேள்வி: அண்ணா, எடைக்கு விற்கும் தங்க, வெள்ளி நாணயங்களைக் கடையில் வைக்கலாமா? அதுதானே வேகமாகப் போகும்?

பதில்: வேகமாகத்தான் போகும், சில நாள் தேவைக்கு மேல் வேகமாக! சவரன் என்ற பிரிட்டிஷ் தங்க நாணயம் 7.98 கிராம், 22 காரட், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். இதை வாங்குபவரும் கூகுளில் பார்த்துவிடுவார். எனவே சாதாரண ஆண்டுக் காசுக்கு உலோக மதிப்புக்கு மேல் அதிகம் கேட்க முடியாது. மேலே 100-க்கு 4 வைத்து விற்று, தளத்துக்கு 100-க்கு 7 கொடுத்தால் முதலுக்கே மோசம்.

இதைவிட மோசம் நிலையான விலை. இரவு நீங்கள் தூங்கும்போது வெள்ளி விலை ஏறினால் காலையில் உங்கள் பழைய விலைக்கு வரிசையாக ஆர்டர் வந்து நிற்கும். இறங்கினால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார். இரண்டு பக்கமும் அடி உங்களுக்குத்தான். உலோக விலையோடு தானாக ஏறி இறங்கும் வசதியுள்ள சொந்தத் தளம் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் இதைக் கடையில் வைக்காதீர்கள்.

கேள்வி: கடை திறந்து சில மாதம் ஆகிறது, ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு லிஸ்டிங்கின் தலைப்பை அப்படியே தருகிறேன்: ‘பழைய அரிய வெள்ளி நாணயம் 1921 சூப்பர் கண்டிஷன்’. படம் ஒன்று. விலையும் அதிகமில்லை. எங்கே தப்பு?

பதில்: சந்தா கட்டினால் கூட்டம் வரும் என்று யாரோ உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். சந்தா வாங்கித் தருவது இடம் மட்டுமே. ஆள் வருவது தேடலால். ‘பழைய அரிய சூப்பர்’ என்று எந்தச் சேகரிப்பாளரும் தேடுவதில்லை.

உங்களுடையது மோர்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளிக் காசு என்று வைத்துக்கொள்வோம். அப்படியே எழுதுங்கள்: நாடு, பெயர், ஆண்டு, எந்த அக்கசாலை (காசு அடித்த இடம்), பட்டியல் எண். உலக நாணயப் பட்டியலில் மோர்கன் டாலரின் எண் கே.எம். 110. அந்த எண்ணைப் போட்டுத் தேடுபவர் வாங்கும் எண்ணத்தோடு வருபவர். உள்ளே எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மி.மீ., வெள்ளி 90% என்று போடுங்கள். எடையைப் புத்தகத்திலிருந்து நகலெடுக்காமல், உங்கள் கையில் இருக்கும் காசைத் தராசில் வைத்து வந்த எடையையும் எழுதுங்கள். போலிக்குப் பயப்படுபவருக்கு அந்த ஒரு வரி பெரிய ஆறுதல்.

‘அரிய’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 1921-ல் பிலடெல்பியா அக்கசாலையில் மட்டும் 4 கோடியே 40 லட்சத்துக்கு மேல் மோர்கன் டாலர் அடித்தார்கள். அதே ஆண்டு டென்வரிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் அடித்தார்கள். பின்பக்கத்தில் மாலைக்குக் கீழே டி அல்லது எஸ் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. விஷயம் தெரிந்தவர் ‘அரிய’ என்பதைப் பார்த்ததும் உங்கள் கடைப் பக்கத்தை விட்டுப் போய்விடுவார். உங்கள் மற்ற காசுகளையும் நம்ப மாட்டார்.

படம் ஒன்று போதாது. இரண்டு பக்கமும், முடிந்தால் விளிம்பும் வேண்டும். இரண்டு மேசை விளக்குகளை மேலே, கடிகாரத்தில் 10 மணி, 2 மணி இருக்கும் இடங்களில் வைத்துக் காசை நேர்மேலிருந்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். காசில் உள்ள முகத்தின் கன்னக் கீறலை மறைத்துவிடும், காசு கைக்குப் போனதும் ரிட்டர்ன் வரும். ஸ்கேனர் படத்தில் உயிரான மினுமினுப்பு செத்துப்போகும்.

இருக்கும் லிஸ்டிங்குகளில் இருபதை மட்டும் இப்படித் திருத்துங்கள். அப்போதும் அசையவில்லையென்றால் கடையின் படிநிலையைக் குறைத்துவிடலாம்.

கேள்வி: ஈபே கடை, சொந்த இணையதளம், நாணய வியாபாரிகளுக்கென்றே உள்ள தளம். மூன்றில் எது?

பதில்: சரக்கைப் பொறுத்தது. பண்டைய ரோமானிய, கிரேக்கக் காசுகள் என்றால் யோசிக்காமல் விகாயின்ஸ், எம்ஏ-ஷாப்ஸ் போன்றவற்றைச் சொல்வேன். அங்கே வியாபாரிகள்தான் கடை போட முடியும், காசு அசல் என்ற உத்தரவாதம் தர வேண்டும். கூட்டம் குறைவு, ஆனால் வருபவர் எல்லாம் காசு வாங்க வருபவர். பழைய காசில் போலி மலிந்திருப்பதால் அந்த உத்தரவாதத்துக்கே ஒரு விலை உண்டு. நுழைய விண்ணப்பம், சரிபார்ப்பு எல்லாம் இருக்கும். புதியவரை உடனே சேர்த்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரம் பார்க்கும் நிறுவனங்கள் மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டியில், அதாவது ஸ்லாபில், உள்ள நவீனக் காசுகளுக்கு ஈபே கடை பொருந்தும். தரம் 70-க்கு எத்தனை என்று மேலேயே எழுதியிருக்கிறது, சான்று எண்ணை வாங்குபவரே சரிபார்த்துக்கொள்வார்.

சொந்தத் தளம் கடைசி. இணையக் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபைக்கு மாதச் சந்தா. அதே வேலைக்கான வூகாமர்ஸ் மென்பொருள் இலவசம், ஆனால் ஹோஸ்டிங், பாதுகாப்பு, பழுது பார்ப்பு உங்கள் தலையில். கமிஷன் இல்லை என்று மகிழ வேண்டாம், கார்டு வழியாகப் பணம் வாங்கும் நிறுவனம் தன் பங்கை எடுக்கும். யாரும் தானாக வந்து விழ மாட்டார்கள். ஏற்கெனவே உங்களிடம் திரும்பத் திரும்ப வாங்கும் ஆட்கள் இருந்தால்தான் இது ஓடும். திறந்தால் விற்றுப்போன காசின் பக்கத்தை அழிக்காதீர்கள். ‘விற்றுவிட்டது’ என்று போட்டு விட்டுவையுங்கள். அந்தக் காசின் விவரம் தேடி வருபவர் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றை வாங்குவார்.

கேள்வி: ஒரே காசை இரண்டு தளத்திலும் போடலாமா?

பதில்: இருப்பு தானாகக் குறையும் மென்பொருள் இல்லாமல் போடாதீர்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு காசு. இரண்டு பேர் வாங்கிவிட்டால் ஒருவருக்கு ‘இல்லை’ என்று சொல்லி, அந்தத் தளத்தில் பெயரைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

கேள்வி: பார்சலுக்குள் என் தள முகவரி போட்ட சீட்டை வைத்து, அடுத்த முறை நேராக வாங்கச் சொல்லலாமா? கமிஷன் மிச்சமாகுமே.

பதில்: பெரிய தளங்கள் வாங்குபவரை வெளியே இழுப்பதை விரும்புவதில்லை. விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். அந்தக் கமிஷனுக்காகக் கணக்கே முடங்கினால் பல வருட மதிப்பீடுகளும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: சார், வாங்கியவர் ‘பிடிக்கவில்லை’ என்று திருப்பி அனுப்பினார். வந்தது நான் அனுப்பிய காசே இல்லை. கடை வைத்திருந்தால் தளம் எனக்கு ஆதரவாக நிற்குமா?

பதில்: கடை வைத்திருப்பதால் மட்டும் நிற்காது. உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும். ஸ்லாபில் இருந்தால் சான்று எண் போதும். தனிக் காசு என்றால் அனுப்பும் முன்பே நெருங்கிய படம் எடுத்து வையுங்கள்: விளிம்பில் ஒரு சிறு அடி, எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கீறல், நிறம் மாறிய ஒரு திட்டு. எந்த இரண்டு காசுக்கும் இவை ஒன்றுபோல் இருக்காது. எடையைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை குறித்துக்கொள்ளுங்கள். உறையில் போட்டு ஒட்டுவதை ஒரே வீடியோவாக எடுங்கள். அந்த உறை பி.வி.சி. பிளாஸ்டிக்காக இருக்க வேண்டாம். மாதக்கணக்கில் கிடந்தால் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும், அதற்கும் ரிட்டர்ன் வரும். மைலார் உறை வாங்குங்கள்.

கேள்வி: வெளிநாட்டுக்கும் விற்றால் சந்தா சீக்கிரம் கழியுமா?

பதில்: கழியலாம், ஆனால் இரண்டு விஷயம் பார்த்துவிட்டு. உலக அஞ்சல் விதிகளின்படி காப்பீடு இல்லாத சாதாரணக் கடிதத்தில் நாணயம் வைத்து அனுப்பக் கூடாது. சில நாடுகள் காப்பீட்டுத் தபாலிலும் ஏற்பதில்லை. அந்தச் செலவையும் சேர்த்த பிறகு காசு விற்குமா என்று பாருங்கள். பழைய காசு என்றால் இன்னும் கவனம். கலாசாரச் சொத்துகளைச் சட்டவிரோதமாகக் கைமாற்றுவதற்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-லிருந்து இருக்கிறது. பல நாடுகள் பழங்காசைத் தொல்பொருளாக எண்ணி, அனுமதியில்லாமல் வெளியே போகவிடுவதில்லை. எங்கே, யாரிடம் வாங்கினீர்கள் என்ற ரசீது கையில் இல்லாத காசை எல்லை தாண்டி விற்காதீர்கள்.

கேள்வி: ஆண்டுச் சந்தா எடுத்தால் தள்ளுபடி தருகிறார்கள். எடுத்துவிடவா?

பதில்: முதலில் மாதச் சந்தா. ஒரு காலாண்டு ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு மாதமும் எத்தனை காசு புதிதாக ஏற்றினீர்கள், எத்தனை போனது என்று எழுதுங்கள். பெரும்பாலும் தடுக்குவது விற்பனையில் இல்லை, ஏற்றுவதில்தான். 1,000 லிஸ்டிங்குக்கு இடம் வாங்கிவிட்டு 90 மட்டும் போட்டிருப்பார்கள். மீதிக் காசுகள் டப்பாவில் படம் எடுக்கக் காத்துக்கொண்டிருக்கும். அந்தக் காலாண்டில் சந்தாவைப் போல இரண்டு மடங்காவது மிச்சம் கண்டால் ஆண்டுச் சந்தாவுக்குப் போங்கள். நடுவில் நிறுத்தினால் மீதிப் பணத்தைத் திருப்பித் தருவார்களா, உங்கள் லிஸ்டிங்குகளையும் படங்களையும் இறக்கி எடுத்துக்கொள்ள முடியுமா என்று பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.